ஊக்கு கழன்ற சேதி

பானுப்பிரியாவுக்குத் தமிழ் தெரியாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வந்தபோது ராக்கம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் அவளுடைய ஏழு வயது மகள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எதிர் ஃபிளாட்டுப் பூனை தன்னை மட்டும் ஏன் முறைக்கிறது என்பதைப் பற்றி மூச்சு விடாமல் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழிப்பது முதல் தூக்கத்தில் சொக்கி விழுவது வரை அந்த வாய் ஓய்ந்து துபாய்ப் பக்கத்து அஜ்மானில் யாரும் பார்த்ததில்லை.

சேதி வாட்ஸ்அப்பில் குரலாக வந்திருந்தது. பேசியவர் பானுவின் தமிழ் மிஸ் அருள்செல்வி. தமிழ் மிஸ் பேசியிருந்ததோ இங்கிலீஷில். ராக்கம்மாவின் இங்கிலீஷ் அரைகுறை. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றுபோனது. பானு தமிழ் வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லையாம். பெயர் என்ன என்று கேட்டால்கூடத் தரையைப் பார்க்கிறாளாம். வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது பாவம், ஹிந்தி வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளை! ராக்கம்மாவுக்கு ஃபோனைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. புது ஃபோன் என்பதால் எறியவில்லை.

மிஸ்ஸையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துப் பதிவில் பானுவின் தாய் பெயர் சான் சான் ஏ, நாடு மியான்மர் என்று இருக்கிறது. தகப்பன் பெயர் தமிழ்தான், ஆனால் பள்ளிக்கூடப் பக்கம் வருவது தாய் மட்டும்தான்; அவளைப் பார்த்தால் யாருக்குத்தான் தமிழ் நினைவுக்கு வரும்? ராக்கம்மாவுக்கு இரண்டு பெயர். பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழர்களுக்கு இது சாதாரணம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற அன்று சயாமா, அதாவது அந்த ஊர் டீச்சரம்மா, ஒரு பர்மியப் பெயரை வைத்துப் பதிந்துகொள்வார். அந்தப் பெயரோடு பிள்ளை உள்ளே போகும். தமிழ்ப் பெயர் வெளியே செருப்புகளோடு நின்று, சாயங்காலம் பிள்ளையோடு வீட்டுக்கு நடந்து வரும். அப்புறம் பாஸ்போர்ட்டு எடுக்கப் போனால் பள்ளிக்கூடத்துப் பெயர்தான் செல்லும். ராக்கம்மாவை ராக்கம்மா என்று கூப்பிட உலகத்தில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெகுவில் இருக்கிற அண்ணன் அம்மையப்பன். இன்னொருவர் கட்டிய கணவன் அன்பரசன்.

அன்பரசன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஜெபல் அலியில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால், திரும்ப இருட்டிவிடும். அவன் ராக்கம்மாவைப் பார்த்த கதை ஷார்ஜா தொழில்பேட்டையில் நடந்தது. அப்போது அவனுக்கும் அங்கேதான் வேலை; அவள் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில், கன்னத்தில் சந்தனம் போலத் தனக்காப் பட்டை அரைத்துப் பூசிய ஒரு பர்மாக்காரி திரும்பி, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொழம்பு கொட்டிரப் போவுது" என்றாள். அன்று விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் பெயரைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் ஆடிப்போனான். "எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற கெழவிக்குக்கூட இப்ப இந்தப் பேர் இல்ல ராக்கு" என்று இன்றைக்கும் கிண்டல் செய்வான்.

அவன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்வரை ராக்கம்மா காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான் அவன். சொல்லாமல் இருப்பானா? ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் மொழி எது என்று கேட்டபோது வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. "ஹிந்தி தெரியாம எத்தன வருசம் அச்சா பாய், அச்சா பாய்னு தலையாட்டிக்கிட்டு நின்னேன் தெரியுமா? யாரு வேணா ஏய்ச்சான். அந்தப் பாடு எம்புள்ளைக்கு வேணாம்." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ராக்கம்மா ஒற்றைக் காலில் நின்றாள். ஹிந்தியை டிவியில் படித்துக்கொள்ளட்டும், தமிழை எழுத்தோடு படிக்கட்டும் என்றாள். எந்த நகை, எந்தச் சேலை கேட்டும் பிடிவாதம் பிடிக்காதவள் அதில் மட்டும் அசையவே இல்லை. கடைசியில் அன்பரசன்தான் கும்பிடு போட்டான்.

"இப்பப் பாரு, அவங்களே மாத்துறேங்குறாங்க. பேசாம விட்டுரு" என்றான்.

"எம்புள்ளைக்கித் தமிழ் தெரியாதுங்குறாங்க. அத விட்டுரவா?"

"அதான் எனக்கும் வெளங்கல. இந்த வாயாடிக்கா?" அன்பரசன் சோற்றுக் கையோடு மகள் பக்கம் திரும்பினான். "ஏன்டி, மிஸ் கேட்டா ஏன் பேச மாட்டேங்குற? மிஸ் அடிக்குறாங்களா?"

பானு தரையில் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இது என்ன கேள்வி என்பது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா. நல்ல மிஸ்."

"அப்பறம்?"

"ஸ்கூல்ல தமிழ் பேசக்கூடாதுல்ல? அம்மாதானே சொல்லுச்சு."

அன்பரசன் மனைவியைப் பார்த்தான். ராக்கம்மா பாத்திரத்தைப் பார்த்தாள்.

"அடியே, அது தமிழ் கிளாஸ்டி. தமிழ் கிளாஸ்லயுமா?"

"தமிழ் கிளாஸும் ஸ்கூல்லதானப்பா இருக்கு" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, பானு மறுபடி வண்ணம் தீட்டப் போய்விட்டாள்.

ராக்கம்மா பாத்திரத்தை மூடிவைத்தாள். சொன்னது வாஸ்தவம். பானுவை எல்கேஜியில் சேர்த்த முதல் நாள், பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் குனிந்து, குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்து, "இந்த கேட்ட தாண்டுனா தமிழ் பேசப்படாது, கண்ணு. யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு" என்று காதில் சொல்லி அனுப்பினாள். சாலை கடக்கும்போது இரண்டு பக்கமும் பார் என்று சொல்வது போலத்தான் அதையும் சொன்னாள். பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் என்று அவள் உடம்புக்குத் தெரியும். உலகத்தில் வேறு மாதிரிப் பள்ளிக்கூடம் உண்டு என்பது அன்றைக்கு அவள் புத்தியிலேயே இல்லை. அப்புறம் தமிழ் வகுப்புக்காகச் சண்டை போட்டாளே, அப்போதாவது பழைய உத்தரவை வாபஸ் வாங்கியிருக்க வேண்டாமா? மறந்துபோனாள். பிள்ளை மறக்கவில்லை.

"எதுக்குப்புள்ள அப்புடிச் சொன்ன?" என்றான் அன்பரசன். குரலில் கோபம் இல்லை.

அவள் அதுவரை அவனிடம்கூடச் சொல்லாத கதையை அன்றைக்குச் சொன்னாள்.

பட்டாளத்தார் ஆட்சி நடந்த காலம். அவளுடைய அப்பா காலத்திலேயே ஊரிலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, தமிழை மட்டும் வாசலில் இறக்கிவிட்டது. கோயிலில் பஜனை என்று பெயர் சொல்லி, லீவு நாளில் நாலு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் அனுமதி இல்லை என்று ஒருநாள் வந்து பூட்டிவிட்டார்கள். ராக்கம்மாவின் படிப்பு உயிரெழுத்தோடு நின்றது. இன்றைக்கும் அவளுக்குத் தெரிந்த சாமி பாட்டெல்லாம் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடிப் படித்ததுதான். பள்ளிக்கூடத்தில் கறுத்த தோலைப் பார்த்து "கலா" என்று கூப்பிடுவார்கள். நம்மூரில் அது அழகான பெண் பெயர். அங்கே அது வசவு.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் காலை, கொடிக்கம்பத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற தோழியின் ரவிக்கையில் ஊக்கு கழன்று, முனை முதுகைப் பார்த்து நின்றது. "அடியே, ஊக்கு கழண்டிருச்சு, குத்திரப் போவுது" என்று ராக்கம்மா மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான். சயாமா அவளை முன்னால் இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சாக்பீஸைப் பற்களுக்கு இடையில் குறுக்கே வைத்தார். மணி அடிக்கிறவரை கீழே விழக்கூடாது. வெயிலில் நின்றாள். எச்சிலில் சாக்பீஸ் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது. பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்தது. ஊக்கு கழன்ற தோழியும் சிரித்தாள். பாவம், அவளும் சிரிக்காவிட்டால் அவள் வாயிலும் ஒன்று வைத்திருப்பார்கள்.

"அன்னையிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்குள்ள நான் தமிழ் பேசுனதில்ல" என்று முடித்தாள் ராக்கம்மா.

அன்பரசனின் தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது. அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "ஹிந்தி பேச்சு கலாஸ், முடிஞ்சுது" என்றான். "இனி நான் எடுக்க மாட்டேன். புள்ள தமிழே படிக்கட்டும்."

ராக்கம்மா உடனே மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தாள். "கண்ணு, அம்மா சொன்னது அந்த ஊரு. இந்த ஊருல பேசலாம். மிஸ் கேட்டா நல்லாச் சத்தமாப் பேசு, என்ன?"

பானு நம்பவில்லை. "அப்ப நீ ஏன் பேச மாட்டேங்குற?"

"நானா?"

"ஆமா. கேட்டுகிட்ட வந்தா நீ நிறுத்திருவியே." பானு மடியிலிருந்து இறங்கி நடித்தே காட்டினாள். இடுப்பில் ஒரு கை, தோளில் இல்லாத ஹேண்ட்பேக். "மத்தியானம் தயிர்சோத்த மிச்சம் வைக்காமச் சாப்புடு, மூடிய நல்லா..." என்று பேசிக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் சட்டென்று உதட்டை மடித்து, கண்ணை இங்கும் அங்கும் உருட்டி, "கோ, கோ, பை" என்றாள்.

அன்பரசனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். தான் இப்படிச் செய்வது ராக்கம்மாவுக்கே தெரியாது. இத்தனை காலமாக ஒவ்வொரு நாளும் பேச்சைப் பாதியில் விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். சாக்பீஸ் வாயை விட்டுப் போகவே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, இன்றைக்குப் பேசியே தீருவது என்று கிளம்பினாள். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். கேட்டில் ஒரே இரைச்சல். ஒரு மலையாளத்து அம்மா மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பாகிஸ்தான்காரர் உருதுவில் ஃபோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், மதுரைப் பக்கத்துத் தம்பதி ஒன்று மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காகத் தமிழில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேபாளத்துக் காவல்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி சலாம் வைத்தார். பானு அண்ணாந்து அம்மா வாயையே பார்த்தாள். ராக்கம்மா மூச்சை இழுத்தாள். தொண்டையில் வெள்ளைப் பொடி வந்து அடைத்துக்கொண்டது.

"கோ, கோ" என்றாள்.

பானு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தெரியும் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். ராக்கம்மாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மையப்பனின் குரல் வந்தது. பெகுவில் நெட் இருக்கிற நேரத்தில் அனுப்பினால்தான் உண்டு. பட்டாளம் மறுபடியும் நாட்டைப் பிடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் தன் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டும் கிசுகிசுவென்றுதான் பேசினான். "ஆத்தா ராக்கு, கோயில்ல திரும்ப ஆரம்பிச்சோமே தமிழ் வகுப்பு, அதயும் நிறுத்தியாச்சு. நாலு பேரு கூடுனா என்ன ஏதுன்னு வந்து கேக்குறாங்க. எம்புள்ளைக ரெண்டும் அனா ஆவன்னாவோட நிக்குதுக, உன்னயும் என்னயும் மாதிரி. உம்மக வாசிக்கிறாளா? ஒரு வரி வாசிக்கச் சொல்லி அனுப்பு ஆத்தா. இதுகளுக்குப் போட்டுக் காட்டுறேன். நம்ம வீட்டுலயும் ஒண்ணு படிக்குதுன்னு தெரியட்டும்."

என்ன பதில் சொல்வாள்? நாளைக்கு உன் மருமகளைத் தமிழ் வகுப்பிலிருந்து எடுக்கப்போகிறார்கள், எடுப்பது பட்டாளத்தான் இல்லை, நான்தான் என்றா சொல்வாள்? ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை அன்பரசனுக்கு லீவு கிடைக்கவில்லை. கண்டெய்னர் வந்து நிற்கிறது, லீவு மாஃபி என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். "நான் மிஸ்கிட்ட ஃபோன்ல பேசிர்றேன். எம்பொண்டாட்டி தமிழச்சிதான், புள்ள நல்லாப் பேசும்னு சொன்னாப் போதும்ல?" என்றான்.

"போதாது" என்றாள் ராக்கம்மா. "மிஸ்ஸுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? பானு வாயத் தொறக்கணுமே. நான் அங்க போயி பேசுனாத்தான் அவ நம்புவா."

"அப்பப் பேசு."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

வகுப்பறையில் ஏற்கெனவே ஐந்தாறு பெற்றோர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். பெஞ்சுகள் எல்லாம் காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. அவ்வளவு சின்னப் பெஞ்சு. சுவரில் தமிழ் எழுத்துகள் வண்ண வண்ணமாக ஒட்டியிருந்தன. பள்ளிக்கூடச் சுவரில் தமிழ் எழுத்து! வெளியே தெரிகிற மாதிரி, ஜன்னலுக்கு எதிரேயே ஒட்டியிருந்தார்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ராக்கம்மாவுக்கு ஒரு கணம் பதறியது. அப்புறம் தன்னையே மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. அருள்செல்வி மிஸ் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, முகம் நிறையச் சிரிப்பு. ராக்கம்மாவைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். பானு நல்ல பிள்ளை, கணக்கில் கெட்டி, தமிழில்தான் இப்படி. ராக்கம்மா "எஸ் மிஸ்" என்றாள். வீட்டில் பேச ஆள் இல்லாதபோது குழந்தை என்ன செய்யும் என்றார் மிஸ். ராக்கம்மா அதற்கும் "எஸ் மிஸ்" என்றாள். பேசு, பேசு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் கேட்கவில்லை.

"கடசியா ஒரு தடவ பாத்துருவோம்" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிஸ் ஒரு பட அட்டையை எடுத்தார். பூனைப் படம். "மக்ளே, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

பூனை! பூனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய பெண் அது. பானுவின் உதடு ஒரு தரம் துடித்தது. அவள் படத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய் மூடியிருந்தது. பானு தரையைப் பார்த்தாள்.

மிஸ் பெருமூச்சு விட்டு அட்டையை வைத்துவிட்டார். அப்போது வாசலில் சேதுமாதவன் சார் வந்து நின்றார். மொழி வகுப்புகளுக்கெல்லாம் அவர்தான் சூப்பர்வைசர். "ஓகே அல்லே டீச்சர்?" என்று மலையாளத்தில் கேட்டார். மிஸ் தலையசைத்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளை ராக்கம்மாவின் பக்கம் நகர்த்திப் பேனாவை மேலே வைத்தார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கிற வகுப்பு அது.

ராக்கம்மா பேனாவை எடுக்கக் குனிந்தாள். குனிந்தபோதுதான் பார்த்தாள். பானுவின் சட்டையில் பெயர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் குத்தியிருந்த ஊக்கு கழன்று, முனை பிள்ளையின் கழுத்தைப் பார்த்து நின்றது.

அவள் கை தானாக நீண்டது. கை நீட்டி ஊக்கை மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது, ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. அதைத்தான் இத்தனை வருடமும் செய்துகொண்டிருந்தாள். வாயால் செய்ய வேண்டியதையெல்லாம் கையால் செய்தாள். கொடிக்கம்பமும் வெயிலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நாக்கில் சாக்பீஸ் கரைந்தது.

நீட்டிய கையை மடக்கிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பானு" என்றாள். காற்றுதான் வந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். பிறகு, பெகுவில் மணி அடிக்கிறவரை நின்ற அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"பானு, ஊக்கு கழண்டிருச்சுடி, குத்திரப் போவுது!"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள், இப்போது வரும், இப்போது வரும் என்று. ஒன்றும் வரவில்லை. பார்த்தவர்கள் ஊக்கைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு அப்பா விட்ட இடத்திலிருந்து மார்க்குக்குச் சண்டை போடத் தொடங்கினார். அவ்வளவு சாதாரணமாக இருந்தது எல்லாம். அந்தச் சாதாரணத்தைத் தாங்க முடியாமல்தான் ராக்கம்மாவுக்குக் கண் நிறைந்தது.

பானு ஊக்கைத் தொடவே இல்லை. வாய் பிளந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நீ ஸ்கூல்ல பேசிட்ட!"

"ஆமாண்டி. பேசிட்டேன். பேசுனா என்ன?"

"ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகல பாத்தியா?"

பானு மிஸ்ஸைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பூனை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மிஸ், இது பூனை. எங்க எதுத்த வீட்டுலயும் ஒரு பூனை இருக்கு மிஸ். ஆனா அது இப்புடி இருக்காது, வால் மொட்டையா இருக்கும். அது எங்க அப்பாவ மொறைக்காது, அம்மாவ மொறைக்காது, என்னய மட்டுந்தான் மொறைக்கும். ஏன்னு தெரியுமா மிஸ்? நான் அதுக்கு டேங்க்னு பேரு வச்சேன். அதுக்குப் புடிக்கல. அப்பறம் ஒருநாளு..."

மடை திறந்துவிட்டது. எல்கேஜியிலிருந்து சேர்த்துவைத்த பேச்செல்லாம் வரிசை கட்டி வந்தது. அருள்செல்வி மிஸ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏ மாதாவே!" என்றார் ராக்கம்மாவைப் பார்த்து. "நீங்க தமிழா? ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா? நான் பாட்டுக்கு இங்கிலீஷுல கெடந்து தெணறிட்டு இருக்கேன்!"

"எம்பேரு ராக்கம்மா மிஸ்" என்றாள் அவள். அந்தப் பெயரை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, ஏன் சொல்லாமல் இருந்தோம் என்பதையும் ரெண்டு வார்த்தையில் சொன்னாள். மிஸ்ஸின் முகத்திலிருந்த சிரிப்பு போய், வேறு ஏதோ வந்தது. ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சேதுமாதவன் சார் இன்னும் வாசலில்தான் நின்றார். பூனை அவரையும் விடவில்லை. "அப்போ மாற்றண்டா அல்லே டீச்சர்?" என்றார் சிரித்துக்கொண்டே.

"மாத்தவா? இனி இவள நிறுத்துறதுதான் எனக்குப் பாடு" என்ற மிஸ், தாளை எடுத்துக் குறுக்கே கிழித்தார். பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து ராக்கம்மாவிடம் நீட்டினார். "வீட்டுல டெய்லி ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாது மிஸ்" என்றாள் ராக்கம்மா. "விடலயே."

மிஸ் புத்தகத்தைத் திருப்பிப் பானுவிடம் கொடுத்தார். "அப்ப நீ வாசி மக்ளே. அம்ம கேக்கட்டும்."

பானு எழுத்துக் கூட்டினாள். கூட்டத் தெரிந்திருந்தது! பேசவில்லையே தவிர, வகுப்பில் சொன்னதையெல்லாம் அந்தக் கள்ளி உள்ளே போட்டு வைத்திருந்தாள். "பூ...னை. பூனை பா...ல் குடித்தது." ராக்கம்மா அவசரமாக ஃபோனை எடுத்து, மறுபடியும் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, அங்கேயே பெகுவுக்கு அனுப்பினாள். பிறகு மகளின் ஊக்கை மாட்டிவிட்டாள்.

அண்ணனின் பதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மையப்பன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பிள்ளைகளின் குரல்தான் இருந்தது. "பூனை பால் குடித்தது, பூனை பால் குடித்தது" என்று ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கத்தின. பின்னால் அண்ணன் மெதுவா, மெதுவா என்று அதட்டுவது கேட்டது. பிள்ளைகள் கேட்கவில்லை. ராக்கம்மா அதைப் பெருமையோடும் பயத்தோடும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்பரசன், "ஜன்னல சாத்திட்டுக் கத்தச் சொல்லுங்க மச்சான்" என்று பெகுவுக்குச் சொல்லி அனுப்பினான்.

திங்கட்கிழமை காலை வழக்கமான இரைச்சல். மலையாளத்து அம்மா மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். காவல்காரர் சலாம் வைத்தார். ராக்கம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடியே வந்தாள்.

"மத்தியானம் தயிர்சோத்த மிச்சம் வைக்காமச் சாப்புடு, மூடிய நல்லா" என்று சொல்லும்போது கேட் வந்துவிட்டது. பானு அண்ணாந்து அம்மா வாயைப் பார்த்தாள். ராக்கம்மா நிற்கவில்லை. மகளோடு கேட்டைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்து, "திருகி மூடு, போன தடவ மாதிரி பையெல்லாம் கொட்டிக்கிட்டு வராத, மிஸ்ஸுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்று முழுதாகச் சொல்லி முடித்தாள்.

"சரிம்மா!" என்று பானு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு ஓடினாள்.